பாலைக்கு நிலமில்லை

பாலைவனம் என்று எழுதும்போது இரண்டு சொற்களையுமே நாம் கொஞ்சம் பொய்யாக்கி விடுகிறோம். வனம் என்றால் காடு. பாலைக்கோ தொல்காப்பியத்தில் நிலமே கிடையாது. மாயோனுக்கும் சேயோனுக்கும் வேந்தனுக்கும் வருணனுக்கும் உலகத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தவர், நடுவில் நிற்கும் திணைக்கு நண்பகலையும் வேனிலையும் கொடுத்தார், பின்பனியும் அதற்கு ஆகும் என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என்ற விளக்கம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. வேறு ஏதோவாக இருந்த நிலத்துக்குக் கோடையில் நேர்வதுதான் பாலை. சகாரா, தார், கோபி என்று வரிசையாக எழுதி எதிரே 'பாலைவனம்' என்று போட்ட பூகோளப் பாடப்புத்தகக்காரர் இந்த நுட்பத்தையெல்லாம் ஒரே சொல்லில் தீர்த்துக் கட்டிவிட்டார்.

விமர்சகர்களும் அவருக்குச் சளைத்தவர்கள் இல்லை. வெங்கட் சாமிநாதன் தம் புத்தகத்துக்கு 'பாலையும் வாழையும்' என்று தலைப்பு வைத்தபோது பாலை என்ற சொல் வறட்சிக்கு நின்றது. அதற்குப் பிறகு நம் சூழலில் ஒரு பத்திரிகை நின்றுபோனால் பாலை, ஒரு பரிசு தவறான ஆளுக்குப் போனால் பாலை. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்த வகுப்பில் எலியட்டின் 1922-ஆம் வருஷத்துக் கவிதை ஒருநாள் பாழ்நிலம், மறுநாள் பாலைநிலம். அகநானூற்றின் 400 பாட்டில் ஒற்றைப்படை எண்ணுள்ளவை அத்தனையும், அதாவது சரிபாதி 200 பாட்டு, பாலை. வறட்சியைப் பற்றி மட்டுமே இவ்வளவு பேர் இவ்வளவு பாடியிருக்க முடியுமா என்று யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

எனக்கு இந்தக் கேள்வி வந்த இடம் புத்தக அலமாரி அல்ல. 2012 பிப்ரவரியில், மொன்பெலியேயில் ஓராண்டுப் படிப்புக்காகப் போயிருந்த சமயம், மாணவர் சங்கத்தார் குளிர்கால விடுமுறைக்கு மொராக்கோவின் தென்கிழக்கு மூலைக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்தார்கள். இருபத்தேழு பேர். அதில் இந்தியப் பாஸ்போர்ட் என்னுடையது ஒன்றுதான். ஆகவே விசாவுக்காக அலைந்தவனும் நான் ஒருவன்தான். மராக்கேஷிலிருந்து பஸ். 2,260 மீட்டர் உயரத்தில் தீஷ்கா கணவாயைக் கடந்து, உவார்ஸாஸாத்தில் சினிமா ஸ்டூடியோக்களின் அட்டைக் கோட்டைகளைப் பார்த்து, தின்கீர், எர்ஃபூத், ரிஸ்ஸானி வழியாக மெர்ஸூகா. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு நாள் ஆயிற்று.

பிரெஞ்சுப் பிள்ளைகளில் பலர் பையில் செந்த்-எக்ஸூபெரியின் 'குட்டி இளவரசன்' இருந்தது. எனக்கு வாயில் ஷெல்லியின் ஒஸிமாண்டியஸ். ஒரு ஸ்பானியப் பெண் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தின் இசையை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சகாராவை யாரும் முதல் முறையாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மெர்ஸூகாவில் எர்க் ஷெப்பி என்ற மணல்மேடுகள் 150 மீட்டர் வரைக்கும் எழும்பி நிற்கின்றன. சாயங்காலத்தில் செம்மண் நிறம், விடிகாலையில் ஏறக்குறைய ரோஜா நிறம். அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் படித்தவனுக்கு அந்த மணலில் அடையாளம் காண ஒன்றுமில்லை. எனக்கு அடையாளம் தெரிந்தது அதற்கு முன்னாலேயே, எர்ஃபூதைத் தாண்டி மணிக்கணக்காக ஜன்னலில் ஓடிய கருங்கல் வெளியில். அதை ஹமாதா என்கிறார்கள். சகாராவில் மணல் ஏறக்குறைய கால் பங்குதான். மிச்சமெல்லாம் கல்லும் பரலும் வெடித்த தரையும். சங்கப் பாலையில் காலைக் குத்துவதும் பரல்தான். வெயிலில் பிளந்த பாறை, வழிப்பறிக்காரர் கொன்று போட்டவர்கள்மேல் குவித்த கல், நிழலில்லாத மரம், நீரில்லாத சுனை. மணல்மேடு சுற்றுலாக்காரர்களுடையது, பரல் வழி நடந்தவர்களுடையது.

ஒட்டகம் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகநானூற்றுப் பாலைப்பாட்டு ஒன்றில் ஒட்டகம் காய்ந்து வெளுத்த எலும்பைத் தின்று பசியாறுகிறது. கல்லூரியில் அதைப் படித்தபோது சிரித்தோம். இலை தின்னும் பிராணி எலும்பு தின்னுமா, புலவர் ஒட்டகத்தையே பார்த்திருக்க மாட்டார் என்று தீர்ப்பும் சொன்னோம். மெர்ஸூகாவில் எங்கள் ஒட்டகங்களை நடத்தி வந்த பெர்பெர் இளைஞனிடம் விளையாட்டாகத்தான் கேட்டேன். "தின்னும். தீவனத்தில் சத்துக் குறைந்தால் எலும்பைக் கண்ட இடத்தில் எடுத்து மெல்லும்" என்றான், இதில் என்ன கேள்வி என்பது போல. சுண்ணாம்பும் பாஸ்பரசும் குறையும்போது தாவரம் தின்னும் மிருகங்கள் பல இப்படிச் செய்கின்றன என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மதுரைப் புலவருக்கு இது எப்படித் தெரிந்தது? பார்த்தோ, பார்த்த வியாபாரியிடம் கேட்டோ தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இன்னொரு ஒட்டகம் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துக் கடற்கரை வருகிறது. மரக்காணம்தான் அது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனைக் கட்டைகள் அங்கே தூங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றனவாம். புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில், உப்பளத்து ஊரில், உவமைக்குள் படுத்திருக்கிற ஒட்டகம். கேட்பவனுக்கு ஒட்டகம் தெரியாவிட்டால் அந்த உவமை எடுபட்டிருக்காது.

உப்பு என்றதும் ரிஸ்ஸானி ஞாபகம் வருகிறது. அந்த ஊரை ஒட்டி இடிந்த மண்சுவர்களாக நிற்கிறது சிஜில்மாஸா. எட்டாம் நூற்றாண்டிலிருந்து தெற்கே உப்பையும் வடக்கே தங்கத்தையும் அனுப்பிய வணிக நகரம். இப்ன் பதூதா 1352-இல் இங்கிருந்துதான் ஒட்டக வரிசையோடு கிளம்பினார். இருபத்தைந்து நாள் நடந்து தகாஸா போய்ச் சேர்ந்தார். அங்கே வீடுகளின் சுவர் உப்புப் பாளம், கூரை ஒட்டகத் தோல் என்று எழுதி வைத்தார். அதற்குச் சில வருஷம் முன்னால் இதே மனிதர் மதுரை சுல்தானின் அரண்மனையில் விருந்தாளி. அவர் மனைவியின் சகோதரியைத்தான் சுல்தான் கட்டியிருந்தார். சுல்தான் ஆண் பெண் குழந்தை பாராமல் கொன்றதையும், மதுரையைப் பிடித்த கொள்ளை நோயையும் எழுதியிருக்கிறார். எங்கள் வழிகாட்டிப் புத்தகத்தில் சிஜில்மாஸாவுக்கு நான்கு வரி. மற்றவர்கள் சந்தையில் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மதுரையைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் இந்தச் சுவருக்கு வெளியே ஒட்டகத்தில் சாமான் ஏற்றியிருக்கிறார் என்பதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

நான் எழுத வந்த விஷயம் இதற்கு அப்புறம்தான்.

இரண்டாம் நாள் காலையில் மணல்மேட்டு உச்சியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். கிழக்கே மணல் முடிகிற இடத்துக்கு அப்பால் ஒரு கறுத்த மேட்டுநிலம் தெரிந்தது. அது அல்ஜீரியா. 1994-இலிருந்து எல்லை மூடிக் கிடக்கிறது. எங்கள் குழுவில் அல்ஜீரிய வம்சத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பிறந்தது மர்சேய், பாட்டனார் பெஷார் பக்கம். பாட்டன் ஊரைக் கண்ணால் பார்க்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள், போக வழியில்லை. என்னைப் பார்த்து, "நீங்கள் காந்தி தேசம், உங்களுக்கு இதெல்லாம் இல்லை" என்றாள். எனக்கு அந்தச் சலுகையை வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. எங்கள் பெரிய தாத்தா, என் தாத்தாவின் அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்தக் கறுப்பு மேட்டுக்குப் பின்னால் கொலோம்-பெஷாரில் சில வருஷம் இருந்தார் என்று சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ன வேலை செய்தார்?" என்று கேட்டாள்.

"லாரி ஓட்டினார்."

"எல்லாரும் லாரிதான் ஓட்டியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒவ்வொரு வீட்டுப் பிரெஞ்சுச் சிப்பாயும் லாரி டிரைவர்தான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு தொகையைச் சரிபார்க்கிறவள் மாதிரி சொன்னாள்.

புதுச்சேரிக்கு வெளியே இருக்கிறவர்களுக்குச் சில விவரம் சொன்னால்தான் இது புரியும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் ஊர் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாயிற்று. சட்டப்படி நாங்கள் இந்தியாவானதோ 1962 ஆகஸ்ட் 16-இல்தான். நடுவில் பாரிஸில் பாராளுமன்றம் ஒப்பந்தத்தை ஏற்காமல் இழுத்தடித்தது, காரணம் அல்ஜீரியா. இங்கே ஒன்றை விட்டுக்கொடுத்ததாகத் தெரிந்தால் அங்கே பிடி தளரும் என்ற அச்சம். 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரமடைந்தது. அடுத்த மாதம் எங்கள் காகிதம் முடிந்தது. புதுச்சேரியில் பிறந்து இங்கேயே இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தியர். இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக்காரராகவே தொடரலாம். என் தாத்தா முத்தியால்பேட்டையில் இருந்தார்; எழுதிக் கொடுக்கவில்லை. அவர் அண்ணன் 1953-இல் பத்தொன்பது வயதில் கப்பலேறி, சைகோன் பார்த்து, இந்தோசீனா கைவிட்டுப்போன பிறகு அல்ஜீரியா போனவர். ஆக ஒரு தாய் வயிற்றில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். இப்படிப்பட்ட வீடுகள் எங்கள் ஊரில் ஏராளம். சொல்தா வீடு என்பார்கள்.

கொலோம்-பெஷார் சாதாரண முகாம் அல்ல. 1947-இலிருந்து அங்கே ராக்கெட் சோதனை நிலையம். பக்கத்து ஹமாகீரிலிருந்துதான் 1965 நவம்பர் 26-இல் பிரான்ஸ் தன் முதல் செயற்கைக்கோளை ஏவியது. அல்ஜீரியா விடுதலையாகி மூன்று வருஷத்துக்குப் பிறகு! சகாராத் தளங்களைச் சில காலம் வைத்துக்கொள்ள எவியான் உடன்பாட்டில் இடம் வாங்கியிருந்தார்கள். இன்னும் தெற்கே ரெகானில் 1960 பிப்ரவரி 13-இல் முதல் அணுகுண்டு. 1966 வரைக்கும் மொத்தம் பதினேழு வெடித்தார்கள். யாருமில்லாத வெறும் மணல் என்று சொல்லித்தான் வெடித்தார்கள். பாலை என்றால் வெறுமை என்று வைத்துக்கொள்கிற மனோபாவம் கவிதையோடு நிற்கிற ஒன்றில்லை.

நம் சிறுபத்திரிகைகள் காம்யூவை நேசித்த விதமும் இந்த வகைதான். வெ. ஸ்ரீராம் 1980-இல் 'அந்நியன்' நாவலை மூலத்திலிருந்தே தமிழாக்கித் தந்தார். அது பெரிய காரியம். அபத்தம் பற்றி, வெயில் பற்றி, மெர்சோவின் அலட்சியம் பற்றி எத்தனை கட்டுரை படித்திருப்பேன். கடற்கரையில் சுடப்பட்டுச் செத்தவனுக்குப் பெயர் இல்லை என்பது நான் படித்த எதிலும் ஒரு பிரச்சினையாகவே வரவில்லை. 2013-இல் கமெல் தாவூத் என்ற அல்ஜீரியர் அவனுக்கு மூஸா என்று பெயர் வைத்து ஒரு நாவல் எழுதினார். மணல்மேட்டுப் பெண் அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே எனக்கு அந்த நாவலின் சாரத்தைச் சொல்லிவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

நான் ஊர் திரும்பியபோது பெரிய தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயது. மொன்பெலியேக்கு என்னை அனுப்பியது அவருடைய பிரெஞ்சுப் பென்ஷன்தான், பிள்ளை இல்லாதவர். ஜூலை 14 வந்தால் மெடல்களைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். எதிரே காந்தி சிலை. இரண்டுக்கும் நடுவில் நின்று சல்யூட் அடிப்பார். எதற்கு அடிக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. மெர்ஸூகா போனேன், அங்கிருந்து பார்த்தால் பெஷார் பக்கம் தெரிகிறது என்றேன். "ராத்திரி குளிரு இன்னா மாதிரிடா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். கூடாரத்தில் தண்ணீர் பாட்டில் ஐஸ் போல இருந்தது என்றேன். தலையாட்டினார். அவ்வளவுதான். 2015-இல் காலமானார்.

பெரிய ஆயாவுக்கு வாரிசு பென்ஷன், பாதித் தொகை, வர வேண்டும். வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன், அதுவும் பாங்கில் குமாஸ்தா என்று, காகிதமெல்லாம் என்னிடம் வந்தது. சர்வீஸ் புத்தகத்தை முதல் தடவையாகத் திறந்தேன். சைகோன், ஒரான், கொலோம்-பெஷார் எல்லாம் தேதியோடு இருந்தன. எல்லா இடத்திலும் காலாட்படை. ராணுவ ஓட்டுநர் உரிமம் என்ற பக்கத்தில் ஒரே ஒரு முத்திரை: ஃபிரேழுஸ், 1966. யுத்தம் முடிந்து நாலு வருஷத்துக்குப் பிறகு, பிரான்ஸில். யோசித்துப் பார்த்தால் புதுச்சேரியில் அவர் எந்த மோட்டார் வண்டியும் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. கடைசிவரை சைக்கிள்தான். அந்தப் பக்கத்திலிருந்து அதற்குமேல் எதையும் நான் ஊகிக்க விரும்பவில்லை. அதில் இருப்பது ஒரு ஊர்ப் பெயரும் ஒரு வருஷமும். மர்சேய்ப் பெண்ணின் விலாசம் அப்போது என்னிடம் இருந்தது. எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதவில்லை.

தொல்காப்பியர் பிரிவைக் கணக்குப் பார்த்துச் சொல்கிறார். ஓதல், பகை, தூது; பிறகு பொருள். ஓதப் போகிறவன் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பும் உண்டு. கடல் கடப்பது பெண்ணோடு இல்லை என்கிறார். நான் ஒரே ஆண்டில் திரும்பியவன். எந்த விதியும் மீறவில்லை. பெரிய தாத்தாவின் பிரிவை எந்த வகையில் சேர்ப்பது? வீட்டுக்கு அது பொருள்வயிற் பிரிவு. பெஷார்க்காரர்களுக்குப் பகை. ஆனால் அது யாருடைய பகை? சங்கத் தலைவனுக்குத் தன் வேந்தன் இருந்தான், தன் எதிரி இருந்தான். முத்தியால்பேட்டைப் பையனுக்கு இரண்டுமே கடன் வாங்கியவை. இந்த மாதிரிப் பிரிவுக்கு இலக்கணத்தில் இடமில்லை. நம் நவீனக் கவிதையிலும் நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இந்தோசீனா போனவர்கள், அல்ஜீரியா போனவர்கள் என்று ஒரு தலைமுறையே எங்கள் தெருக்களில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து செத்துப்போயிருக்கிறது.

இன்னொன்றும் பாலைப் பாட்டுகளைத் திரும்பப் படித்தபோது கண்ணில் பட்டது. பாலையை விஸ்தாரமாகச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அங்கே போகாதவர்கள். தலைவி, தோழி, மகளை அனுப்பிவிட்டுத் தவிக்கும் தாய். தலைவன் பேசினாலும் பல சமயம் போவதற்கு முன்னால், தன் நெஞ்சோடு. பட்டினப்பாலையின் 301 அடியில் பாலை என்று சொல்லத்தக்கது விரல்விட்டு எண்ணக்கூடிய சில அடிகள்; போகமாட்டேன் என்கிறான் அவன், மிச்சமெல்லாம் காவிரிப்பூம்பட்டினம். பரலும் கள்வரும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் பேச்சில் இருக்கின்றன. இதைப் பயண இலக்கியம் போலப் படித்து, புலவர் போனாரா, பார்த்தாரா என்று விவாதிப்பது விஷயத்தைத் தவறவிடுவதாகும்.

வாரிசு மனுவை நிரப்பிக்கொண்டிருந்த அன்றைக்குப் பெரிய ஆயா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கல்யாணத் தேதி 1958. லீவில் வந்து கட்டிக்கொண்டு நாற்பது நாளில் திரும்பிப் போய்விட்டார். பத்து வருஷத்தில் நடுவே இரண்டே தடவை வந்தாராம். பெஷார் என்று நான் எழுதுவதை உச்சரித்தபடி எழுதினேன். கேட்டதும் சொல்ல ஆரம்பித்தார். "அங்க பகல்ல கல்லு சுடும்டா, ராத்திரி அதே கல்லு குளுருல பட்டுனு வெடிக்கும். துப்பாக்கினு நெனச்சி எழுந்துப்பாங்க. தண்ணி லாரில வரும், லாரிய வழியில அடிச்சிட்டா மூணு நாளு தண்ணி இருக்காது. மரம்னு ஒண்ணு இருக்கும், நெழலு இருக்காது."

பெரிய தாத்தா சொன்னாரா என்று கேட்டேன்.

"அவரு எங்க சொன்னாரு. பணம் வரும், கடுதாசில நல்லா இருக்கேன்னு ஒரு வரி வரும். மாசா மாசம் பணம் வாங்க வரிசையில நிப்போம் இல்ல, சொல்தா பொண்டாட்டிங்கல்லாம். அங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவோம்."

அவளுங்களுக்கு யார் சொன்னது என்றேன். பெரிய ஆயா கீரைத் தண்டை முறத்தில் ஒதுக்கினார். "யாரு சொல்லணும்?" என்றார். அப்புறம், பணம் எந்த மாசத்திலிருந்து வரும், பழைய பாக்கியோடு சேர்த்துத் தருவார்களா என்று விசாரித்தார். மூன்று நான்கு மாதம் ஆகலாம், பாக்கியோடு வரும் என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன்.